பாண்டியாக் தந்த எச்சரிக்கை

1968ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பாண்டியாக் நகரில், சுகாதாரத் துறை அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்தோரும் வந்துசென்றோருமாக 144 பேர் காய்ச்சலுற்றனர். ஆராய வந்தவர்களையும் அது விடவில்லை. தலைவலி, உடல்வலி, குளிர்நடுக்கம். சில நாள்களில் அனைவரும் தேறினர். எவரும் இறக்கவில்லை. காரணம் புலப்படாமலே போயிற்று.

1976 ஜூலையில் பிலடெல்பியாவில் கூடிய முன்னாள் படைவீரர் மாநாட்டை ஒட்டிப் பரவிய நுரையீரல் அழற்சி 34 உயிர்களைக் கொண்டது. அதற்குக் காரணமான நுண்ணுயிரியை ஜோசப் மெக்டேட் கண்டறிந்தபின், சேமித்து வைத்திருந்த பாண்டியாக் குருதி மாதிரிகளும் சோதிக்கப்பட்டன. அங்கும் பகை அதுவே. லெஜியோனெல்லா எனப் பெயர் பெற்ற அது வெதுவெதுப்பான நீரில் பெருகுவது; குளிர்விப்புக் கோபுரத்திலிருந்தும் குளியலறைத் தூவியிலிருந்தும் எழும் நுண்திவலைகளோடு மூச்சில் புகுவது. குடிநீரைக் காய்ச்சுவதால் மட்டும் இதனைத் தடுக்க இயலாது.

இக்கிருமி தரும் நோயின் மெலிய வடிவமான பாண்டியாக் காய்ச்சல், நீர்த்திவலையைச் சுவாசித்த சில மணி நேரம் முதல் மூன்று நாள்களுக்குள் தோன்றி, ஒரு வாரத்தில் தானே அகலும், நுரையீரலைத் தாக்காது. கொடிய வடிவமோ பெரும்பாலும் இரண்டு முதல் பதினான்கு நாள்களுக்குள் வெளிப்படும்: கடுங்காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல். இவற்றோடு வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் சேருமாயின் ஐயம் வலுக்கவேண்டும். ஐம்பது வயதைக் கடந்தோர், புகைப்போர், நோயெதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோர்க்கே இடர் மிகுதி. கொடிய வடிவம் கண்டோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் மாள்கிறார். ஊடுகதிர்ப் படம் மட்டும் இதனைப் பிற நுரையீரல் அழற்சியிலிருந்து பிரித்துக் காட்டாது. நம்மைக் காக்கும் உயிரணுக்களுக்குள்ளேயே இக்கிருமி ஒளிந்து வாழ்வதால் பெனிசிலின் பயன் தராது. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவை வேண்டும். ஆதலின் சிறுநீர்ச் சோதனையும் சளிச் சோதனையும் தாமதமின்றி நிகழவேண்டும். அண்மையில் எங்குத் தங்கினீர், எந்த மருத்துவமனையில் இருந்தீர் என்று நோயாளியைக் கேட்பதும் மருத்துவரின் கடமையே.

மெலிய நோயை எவரும் கணக்கில் கொள்ளாததே நம் பெருங்கவலை. ஒரே கட்டடத்தில் பலர் ஒருசேரக் காய்ச்சலுற்றால், அனைவரும் தேறினாலும், அங்குள்ள நீர் சோதிக்கப்படவேண்டும். அதே நீரின் திவலைகளைச் சுவாசிக்கும் முதியவர் தேறாமல் போகலாம். 2015இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இந்நோய்க்கு 16 பேர் பலியாயினர். குளிர்விப்புக் கோபுரங்கள் அனைத்தையும் பதிந்து, காலந்தோறும் ஆய்ந்து, தூய்மை செய்ய வேண்டும் என்னும் சட்டம் அந்நகரில் அதன் பின்னரே பிறந்தது. பிற நகரங்கள் அதற்காகச் சாவுகளை எதிர்நோக்க வேண்டியதில்லை.