தலைசுற்றலுக்கு 'சிடி நார்மல்' போதுமா?

ஊரில் யாருக்குத் தலை சுற்றினாலும் நம்ம வீடுகளில் மூன்றே காரணங்கள்தான்: பித்தம், பிரஷர், ராத்திரி சரியாத் தூங்கலை. எலுமிச்சை ஜூஸ் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் திடீரென ஆரம்பித்து, மணிக்கணக்கில் நிற்காமல் சுற்றி, வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம். தினமும் வீடியோ காலில் அப்பா அம்மாவைப் பார்க்கும் நம்மில் பலருக்கே இது தெரியாது.

பக்கவாதம் என்றால் வாய் கோணும், கை விழும், பேச்சு குழறும் என்று படித்திருக்கிறோம். சரிதான். ஆனால் பின்மூளையில், அதாவது சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ ரத்த ஓட்டம் அடைபட்டால் இந்த மூன்றுமே இல்லாமல் வெறும் சுற்றலாக மட்டும் வரலாம். என் நண்பனின் அப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. ஊரில் ஒரு மருத்துவமனையில் சிடி ஸ்கேன் எடுத்து, "நார்மல்தான், காது பிரச்சினை" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவர் நினைவிழந்தார். அடைபட்ட சிறுமூளை வீங்கி மூளைத்தண்டை அழுத்தியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து பிழைத்தார், ஆனால் இன்றும் கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது.

சிடி ஸ்கேன் மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க நல்ல கருவி. பின்மூளையைச் சுற்றிக் கெட்டியான எலும்பு இருப்பதால், அங்கே புதிதாக வந்த அடைப்பு அதில் பெரும்பாலும் தெரியாது. 'நார்மல்' என்ற ஒற்றைச் சொல்லில் குடும்பமே நிம்மதியாகிவிடுவதுதான் ஆபத்து.

ஸ்கேன் காட்டாததைக் கண் காட்டும். நாம் தலையைத் திருப்பும்போது கண் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திரும்பி, பார்வையை நிலையாக வைக்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு தகவல் அனுப்ப, சுமார் 10 மில்லி விநாடிக்குள் கண் நகர்ந்துவிடும். போன் கேமராவில் படம் ஆடாமல் இருக்க வைத்திருக்கிறார்களே, அதே சங்கதி. நான் வசிக்கும் சிட்னியில்தான் மைக்கேல் ஹல்மாகி, இயன் கர்தாய்ஸ் இருவரும் 1988இல் இதைச் சோதிக்க ஒரு எளிய வழியை விவரித்தார்கள். நோயாளி டாக்டரின் மூக்கைப் பார்க்க வேண்டும். டாக்டர் அவர் தலையைச் சட்டென்று கொஞ்சம் திருப்புவார். காது நரம்பு கெட்டிருந்தால் கண் தலையோடு போய்விட்டு, பிறகு குதித்துத் திரும்பும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுற்றல் நிற்காமல் இருக்கும் ஒருவருக்கு இந்தச் சோதனை நார்மலாக வந்தால்தான் கவலைப்பட வேண்டும். காது நன்றாக இருக்கிறது, அப்படியென்றால் கோளாறு மூளையில்.

இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. சுற்றல் இருக்கும்போது கருவிழி தானாக இழுத்து இழுத்துத் துடிக்கும், நிஸ்டாக்மஸ் என்பார்கள். (நம்ம பாட்டிகள் சகுனம் பார்க்கும் இமைத்துடிப்பு வேறு.) காதுக் கோளாறில் எந்தப் பக்கம் பார்த்தாலும் துடிப்பு ஒரே திசையில் இருக்கும். இடது பார்த்தால் இடதாகவும், வலது பார்த்தால் வலதாகவும் மாறினால் மூளையைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, கண்களை மாற்றி மாற்றி மூடித் திறக்கும்போது கண் மேலோ கீழோ நகர்ந்தால் அதுவும் எச்சரிக்கைதான்.

அமெரிக்காவில் கட்டா, நியூமன்-டோக்கர் குழுவினர் 2009இல் 101 நோயாளிகளிடம் இம்மூன்றையும் செய்து பார்த்தார்கள். பக்கவாதம் இருந்த ஒருவரையும் சோதனை தவறவிடவில்லை. ஆனால் ஆரம்பத்தில் எடுத்த எம்ஆர்ஐயே 12 சதவீதம் பேரிடம் தவறவிட்டது. செய்தவர்கள் நிபுணர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் 2023இல் வந்த அமெரிக்க அவசர மருத்துவ வழிகாட்டி, பயிற்சி பெற்றவர்களே இதைச் செய்ய வேண்டும் என்கிறது. சிடிக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை அவசரப் பிரிவு டாக்டர்களின் பயிற்சிக்கு ஏன் ஒதுக்கக் கூடாது? ஊரில் மட்டுமல்ல, நாம் வாழும் நாடுகளிலும் கேட்க வேண்டிய கேள்வி இது. நம்ம தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவில் பிரஷர், சுகர் பார்க்கும் முகாம் போடுகின்றன. அங்கே இதையும் பத்து நிமிஷம் பேசலாமே.

தயவுசெய்து யாரும் பாட்டியின் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். படுத்துப் புரளும்போது மட்டும் ஒரு நிமிஷத்துக்குள் வந்து போகும் சுற்றலுக்கு இந்தச் சோதனைகள் பொருந்தவும் செய்யாது. போனில் நாம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? அசையாமல் படுத்தாலும் சுத்துதா? பிடிக்காமல் நிற்க முடியுதா? ரெண்டு ரெண்டாத் தெரியுதா? புதுசா தலைவலி, கழுத்துவலி இருக்கா? நிற்கவே முடியவில்லை என்றாலோ, சுற்றல் நிற்கவில்லை என்றாலோ தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. சிடி நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பினால், "கண்ணைச் சோதிச்சீங்களா டாக்டர், நரம்பியல் டாக்டர் ஒருமுறை பார்க்கலாமா?" என்று கூட இருப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள்.