கல்லாப்பெட்டிக்கு எந்த மெஷின்?

எங்கள் அக்காள் மகன் நந்திதுர்க்கில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறான். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அவன் அப்பா கைக்கு வந்த பணத்தைப் போட்டுத் திறந்த கடை. 2025 ஜூலையில் ஒரு நாள் போயிருந்தபோது, கல்லாப்பெட்டி மேல் ஒட்டியிருந்த கியூ.ஆர். அட்டையைக் காணோம். "கிழிச்சுப் போட்டுட்டேன் மாமா. பெங்களூர்ல டீக்கடைக்காரருக்கெல்லாம் லட்சக்கணக்குல நோட்டீஸ் வந்திருக்கு" என்றான்.

அவன் பயந்ததில் தவறில்லை. கர்நாடக வணிகவரித் துறை 2021-22 முதல் நான்கு ஆண்டுகளின் யு.பி.ஐ. வரவைப் பார்த்து, சரக்கு விற்பவர்களுக்கு 40 லட்சம், சேவை செய்பவர்களுக்கு 20 லட்சம் என்ற ஆண்டு வரம்பைத் தாண்டியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. பெங்களூரில் 'ரொக்கம் மட்டும்' என்ற அட்டைகள் தொங்க ஆரம்பித்தன. பழைய நிலுவையை வசூலிக்கப் போவதில்லை, ஆனால் வரம்பைத் தாண்டியவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று முதலமைச்சர் சித்தராமையா அறிவித்த பிறகே பரபரப்பு அடங்கியது.

ஆனாலும் அட்டையைக் கிழித்தது தவறு என்பது என் அபிப்பிராயம். மாரிக்குப்பம் ரயிலில் விடிகாலையில் பெங்களூருக்குப் போய் இரவு திரும்பும் பிள்ளைகள்தான் அவனுக்குப் பாதி வியாபாரம். அவர்கள் சட்டைப் பையில் ரொக்கம் ஏது? நோட்டீஸ் வந்த பலர், "வந்த பணத்தில் வரியில்லாத பாலும் காய்கறியும் உண்டு, கைமாற்றும் உண்டு" என்றார்கள். உண்மையாகவே இருக்கலாம். எடுத்துக் காட்டத்தான் காகிதம் இல்லை. கடைக்காரனிடம் கணக்கு இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு ஒன்றுதான் சாட்சி.

எனவே பில் போடும் மெஷின் வேண்டும் என்று இருவரும் விசாரிக்கக் கிளம்பினோம். ஒரு விற்பனையாளர் தொடுதிரை, பார்கோடு ஸ்கேனர், பணப்பெட்டி எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் என்றார். "கரண்ட் போனால்?" என்று கேட்டேன். "யு.பி.எஸ். வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். "நெட் போனால்?" என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

நான் டிப்ளமா படித்து ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன். அங்கே முதல் பாடமே, கம்பி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போக வேண்டும் என்பதுதான். கடை மெஷினையும் அப்படித்தான் பார்க்கிறேன். கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர் நம்முடையது. அதற்காக இன்று கரண்ட் போவதில்லையா என்ன!

கடைசியில் பேட்டரியில் ஓடும், கையடக்கமான, இரண்டங்குலத் தாள் போடும் மெஷினைத் தேர்ந்தெடுத்தோம். 8,000 ரூபாய்க்குள் முடிந்தது. நெட் இல்லாமலே பில் வரும், நாள் கணக்கும் வரும். வரி விகிதத்தை நாமே மாற்ற முடியுமா என்று கடையிலேயே மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தோம். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது அவன் ஒரே இரவில் உட்கார்ந்து மாற்றி முடித்தான். கம்பெனி ஆள் வரவேண்டும் என்றிருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்குமோ!

கார்டு தேய்க்கும் மெஷினை வேண்டாம் என்றேன். மாத வாடகை உண்டு, வருகிறவர்கள் எல்லாம் போனில்தான் கொடுக்கிறார்கள். கியூ.ஆர். அட்டை திரும்பவும் ஒட்டியாயிற்று. கைமாற்று, சீட்டுப் பணத்துக்கெல்லாம் வேறு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். முனகினான், ஆனால் செய்தான். இன்னொன்று, இந்தத் தாளில் மை கிடையாது, சூட்டில்தான் எழுத்து விழுகிறது. வெயில் பட்டால் சில மாதத்தில் வெளுத்துவிடும். அதனால் நாள் கணக்கை ஒரு நோட்டில் எழுதியும் வைக்கிறான்.

எனக்கு ஒரே ஒரு குறை. மெஷினில் ஆங்கில எழுத்து மட்டுமே வருகிறது. போனோடு இணைக்கும் பிரிண்டராக இருந்தால் தமிழையும் கன்னடத்தையும் படமாக அச்சிட்டுவிடுமாம். இது தெரிந்தது வாங்கிய பிறகு. பக்கத்து லைன் பாட்டி ஒருவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்கு எவ்வளவுன்னு வாயால சொல்லுடா" என்கிறார். அவன் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுகிறான். பாட்டியின் பற்றுக் கணக்கு மட்டும் இன்னும் அவன் அப்பா காலத்து நீள நோட்டில்தான் ஏறுகிறது.