கரையில் போடாத எஸ்டிமேட் கண்மாயை நிரப்பாது!



ஐப்பசியில் நல்ல மழை. ரோட்டுப் பள்ளமெல்லாம் நிறைந்து ததும்பியது. ஆனால் நம் ஒன்றியத்தில் ஒரு கண்மாயில் மட்டும் முழங்கால் தண்ணீர் நிற்கவில்லை. இத்தனைக்கும் அதற்கு முந்தின கோடையில்தான் அங்கே பராமரிப்பு வேலை நடந்தது. பொக்லைன் வந்தது. கரையைச் சீவி, மேலே மண்ணை வாரிக் கொட்டியது. பலகை நட்டார்கள். பலகையில் வேலையின் பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் எந்த வழியாக வரும் என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

வரத்துக்கால் ஒன்றரை கிலோமீட்டர். முக்கால்வாசி சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. நடுவில் ரோடு போட்டபோது வைத்த குழாய் மண்ணடித்து அடைந்து போய் எத்தனையோ வருஷம். அந்தக் காலில் ஒரு கூடை மண் அள்ளவில்லை. கடைமடையில் ஓட்டைப் பலகைதான் இன்றைக்கும் கிடக்கிறது. ஏன் செய்யவில்லை என்று போய்க் கேட்டோம். "எஸ்டிமேட்டில் அது இல்லை" என்றார்கள். சரி, எஸ்டிமேட்டை எங்கே உட்கார்ந்து போட்டீர்கள், யாரைக் கேட்டீர்கள் என்றோம். பதில் வரவில்லை. முப்பது வருஷமாக மடை திறந்து மூடும் நம்ம ஊர் நீர்பாய்ச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எந்த இடத்தில் தண்ணீர் முட்டித் திரும்புகிறது என்று காலால் கோடு போட்டுக் காட்டியிருப்பார். ஒருத்தரும் கேட்கவில்லை.

இது ஒரு கண்மாயின் கதை என்று யாரும் ஒதுங்கிப் போக வேண்டாம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள பெரிய கண்மாய்கள், ஏறத்தாழ 14,000, பொதுப்பணித்துறை, அதாவது இப்போதைய நீர்வளத்துறையின் பொறுப்பு. மீதியெல்லாம் ஊராட்சி ஒன்றியங்களிடம் உள்ள சின்னக் கண்மாய்கள். எண்ணிக்கையில் இவைதான் அதிகம். சிறு விவசாயி நம்பியிருப்பதும் இவற்றைத்தான். ஆனால் ஏரிகளைப் பாதுகாக்க, ஆக்கிரமிப்பை அகற்ற என்று 2007இல் போட்ட சட்டமே பொதுப்பணித்துறை ஏரிகளுக்காகத்தான் எழுதப்பட்டது. சின்னக் கண்மாய் என்றால் சட்டத்திலும் கடைமடை!

பணம் இல்லையா? இருக்கிறது. குடிமராமத்துத் திட்டம் 2017இல் 100 கோடி ரூபாயில் தொடங்கியது. 2019-20இல் சுமார் 500 கோடி ஒதுக்கினார்கள். 2006 முதல் நூறு நாள் வேலையில் குளம் தூர்வாரியது எத்தனை தடவை என்று நம் தாய்மார்களுக்குத் தெரியும். 15ஆவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் இன்ன வேலைக்கு என்று கட்டிக் கொடுத்தது. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, மறுபாதி சுகாதாரத்துக்கு. போதுமா என்றால் போதாது. கூடுதலாகக் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் வந்த பணம் கண்மாய்க்குள் தண்ணீராக ஏன் மாறவில்லை என்ற கேள்வியை விட்டுவிட்டு, கூடுதல் பணம் மட்டும் கேட்டால் கரைமேல் இன்னொரு பலகை கிடைக்கும். அவ்வளவுதான்.

எஸ்டிமேட் ஏன் எப்போதும் கரையிலேயே சுற்றுகிறது? காரணம் லேசானது. கரையில் மண் போடுவது மெஷின் வேலை. நாலு நாளில் முடியும், டேப் வைத்து அளந்தால் உடனே பில் போடலாம், ரோட்டில் போகிறவர் கண்ணுக்கும் தெரியும். வரத்துக்கால் அப்படியில்லை. அது ரெண்டு மூன்று ஊர் எல்லையில் ஓடும். சர்வேயர் வர வேண்டும், வருவாய்த்துறை கல் ஊன்ற வேண்டும், நெடுஞ்சாலைக்காரர் குழாயைத் தோண்ட வேண்டும், ஆக்கிரமித்தவரோடு சண்டை போட வேண்டும். யாருக்கு வேண்டும் அந்தத் தலைவலி! அதனால் லேசான வேலைக்குப் பணம், அவசியமான வேலைக்குக் கும்பிடு. அந்தக் கரை வேலையாவது ஒழுங்கா? மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, கெட்டித்தால்தான் கரை நிற்கும். வாரிக் கொட்டிய மண் முதல் மழையிலேயே கரைந்து உள்வாய்க்கே திரும்பி வருகிறது. அடுத்த வருஷம் அதே மண்ணை அள்ள இன்னொரு எஸ்டிமேட்!

நம் முன்னோர் இதைவிடத் தெளிவாக இருந்தார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூரில் ஏரிக்கென்றே ஏரி வாரியம் இருந்தது. குடவோலையில் பெயர் எடுத்து ஆளைத் தேர்ந்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்று கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். அந்தச் சபையில் எல்லாச் சாதிக்கும் இடம் இருக்கவில்லை. அந்தக் குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. இன்றைக்கு எல்லோருக்கும் இடமுள்ள கிராம சபை இருக்கிறது. ஆனால் கணக்கு மட்டும் சுவருக்கு வரவில்லை.

அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 29 விஷயங்களை ஊராட்சிகளுக்கு உரியவை என்று பட்டியல் போட்டது. சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் அதில் மூன்றாவதாகவே வருகின்றன. நடைமுறையோ வேறு. 2016 முதல் 2019 வரை ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்த ஆட்கள் இல்லை. மறுபடியும் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து, அதிகாரம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர் வரலாம், போகலாம். கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. ஓட்டர் லிஸ்டில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர்.

இனி நம் பக்கத்தையும் பேசுவோம். பேசாவிட்டால் இந்தப் பிரசுரத்துக்கு மரியாதை இல்லை.

வரத்துக்காலில் வரப்பை வருஷத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போட்டது யார்? வெளியூர்க்காரரா? நம்மாட்கள்தான். குடிமராமத்தில் பத்து சதவீதம் விவசாயிகள் பங்கு என்றார்கள். மண்வெட்டி பிடிக்காமலே உழைப்பாகக் கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டவர்களும் நம்மாட்கள்தான். கிராம சபை என்றால் நோட்டு வீட்டுக்கு வரட்டும், கையெழுத்துப் போட்டுக்கலாம் என்று இருந்துவிட்டோம். மீன்பாசி ஏலத்துக்கு இருநூறு பேர் கூடுகிறோம்; கண்மாய்க் கணக்குக் கேட்கப் பத்து பேர் கூடுவதில்லை. இந்த லட்சணத்தில் அதிகாரியை மட்டும் திட்டினால் ஊர் சிரிக்கும்.

ஆகவே நம் சங்கம் முடிவு செய்து வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. கண்மாய் வேலைக்கான எஸ்டிமேட்டைக் கரையில் வைத்து, ஆயக்கட்டுதாரர், நீர்பாய்ச்சி, கூலித் தொழிலாளர், ஆடு மாடு வளர்ப்போர், பெண்கள் முன்னிலையில் போட வேண்டும். முதலில் வரத்துக்கால், அடுத்து மடையும் கலுங்கும், கடைசியில் கரை.

2. வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட்டையும், கடைசி பில் போடும் முன் அளவுப் புத்தகத்தையும் கிராம சபையில் தமிழில் வாசிக்க வேண்டும்.

3. வரத்துக்கால்களை அளந்து கல் ஊன்ற வேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றுவதைப் பெரிய கையிலிருந்து தொடங்க வேண்டும்.

4. 2007 சட்டத்தின் பாதுகாப்பை ஒன்றியக் கண்மாய்களுக்கும் கொடுக்க வேண்டும்.

5. மீன்பாசி, மர ஏல வருமானத்தில் ஒரு பங்கை அந்தந்தக் கண்மாய்க்கே ஒதுக்க வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுச் சும்மா இருக்கப் போவதில்லை. 2005 தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 2(ஒ) நமக்கு ஓர் ஆயுதம் கொடுத்திருக்கிறது. ஆவணத்தின் நகலை வாங்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். நடந்த வேலையை நேரில் பார்வையிடலாம், போட்ட பொருளில் மாதிரி எடுக்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. செலவு பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். நம் ஒன்றியத்தில் வேலை நடந்த ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு மனு போடுகிறோம். எழுதத் தெரியாதவர்கள் சங்க ஆபீசுக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறோம். சங்க உறுப்பினர் யாராவது வரத்துக்காலைப் பிடித்திருந்தால், சர்வேயர் வரும் முன்னால் அவரே விட்டுவிட வேண்டும். இந்தப் பிரசுரத்தை எழுதுகிற செயலாளரின் வரப்பும் அதில் ஒன்று. இரண்டரை அடி. போன வாரமே வெட்டி விட்டாயிற்று.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 — வருஷத்தில் ஆறு கிராம சபை. இந்த ஆறு நாளும் வயல் வேலைக்கு லீவு விடுங்கள். ஒன்றிய அலுவலகம் முன்பு நடக்கும் காத்திருப்புப் போராட்டத்தின் நாளும் நேரமும் பின்பக்கத்தில் இருக்கின்றன. வரும்போது வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வாருங்கள். மனு கொடுத்து முடித்த கையோடு வரத்துக்காலில் இறங்குவோம். பத்து சதவீதப் பங்கை இந்தத் தடவை நிஜமாகவே கொடுப்போம். மீதித் தொண்ணூறுக்குக் கணக்குக் கேட்போம்.

அடுத்த ஐப்பசி வரும். மழை யாரையும் கேட்டுப் பெய்யாது. அது வரும்போது வழி திறந்திருக்க வேண்டும்.

கணக்கைக் கரையில் வை!
வரத்துக்காலைத் திற!
திரண்டு வாரீர்!