உருவத்தைப் பார்த்து ஏமாறலாமா?

குளத்துத் தண்ணீரில், கடுகு அளவே உள்ள சிவப்புப் பொட்டு ஒன்று சில சமயம் விறுவிறு என்று நீந்தும். அதுதான் நீர் உண்ணி. மழைக்காலத்தில் தரையில் ஊருமே, பட்டுப் போன்ற தம்பலப்பூச்சி, அதற்கு இது உறவு!

உலகில் 6 ஆயிரத்துக்கும் அதிகமான நீர் உண்ணி இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால், எது எந்த இனம் என்று சொல்வது லேசான காரியம் அல்ல.

முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு 6 கால்கள். வளர்ந்ததற்கு 8 கால்கள். பெரும்பாலான இனங்களில் குஞ்சு, கொசு, தும்பி போன்ற பூச்சிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். வளர்ந்ததோ தண்ணீரில் வேட்டையாடும். தாயையும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்தால், ஒரே இனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆணும் பெண்ணும்கூட அப்படித்தான். 'அர்ரெனூரஸ்' என்று ஒரு வகை உண்டு. கிரேக்க மொழியில் இதற்கு 'ஆண் வால்' என்று பொருள். இதில் பல இனங்களின் ஆணுக்குப் பின்புறம் வால்போல நீண்டிருக்கும். பெண் உருண்டையாக இருக்கும். அதே சமயம், வேறு வேறு இனத்துப் பெண்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்!

ஐரோப்பாவில் நடந்ததைப் பாருங்கள். ஏரியிலும் ஓடையிலும் வாழ்ந்த 'ஹைக்ரோபேட்டஸ் நைக்ரோமாகுலேட்டஸ்' என்ற உண்ணியை ஒரே இனம் என்று நினைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக உடலுக்குள் தொடர்ந்து வரும் மரபணுவைச் சோதித்தார்கள். ஏரியில் இருப்பது வேறு, ஓடையில் இருப்பது வேறு என்று 2010-ம் ஆண்டு தெரியவந்தது. ஒன்றின் குஞ்சு பூச்சியை ஒட்டி வாழும். மற்றதன் குஞ்சுக்கு அந்தப் பழக்கமே இல்லை!

'இந்தப் பொடிப் பூச்சியால் யாருக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. ஏரி நீர் கெட்டு, அங்குள்ள இனம் அடியோடு அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒன்றாக எண்ணியவர்கள் என்ன செய்வார்கள்? ஓடையில் இருப்பதைக் காட்டி, 'இனம் பத்திரமாக இருக்கிறது' என்று ஏட்டில் எழுதிவிடுவார்கள்.

எனவே, ஒன்றிரண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவசரமாக முடிவு கட்டக்கூடாது. பல இடங்களில் சேகரிக்க வேண்டும். ஆண், பெண், குஞ்சு மூன்றையும் பார்க்க வேண்டும். உருவத்தோடு மரபணுவையும் ஒப்பிட வேண்டும்.

ஒன்றை இரண்டாக எண்ணுவது பிழை. இரண்டை ஒன்றாக எண்ணுவது அதைவிடப் பெரிய பிழை. ஓர் உயிரினம் அழிந்து போவதையே அது மறைத்துவிடும்!