அளந்த வேகமும் ஊகித்த வேகமும்

2013-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் எல் ரீனோ நகருக்கருகே ஒரு டார்னடோ வீசியது. அச்சுழற்காற்றின் அகலம் சுமார் 4.2 கிலோமீட்டர். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தார் லாரியில் ஏற்றிச் சென்ற டாப்ளர் ரேடார், அதனுள் மணிக்கு 290 மைலுக்கு மிகுந்த வேகத்தைப் பதிவு செய்தது. அதனைக் கொண்டு மிக உயர்ந்த ஐந்தாம் படியில் வைக்கப்பட்ட அந்த டார்னடோ, சில மாதங்களுக்குள் மூன்றாம் படிக்கு இறக்கப்பட்டது. அப்படிக்குரிய வேகமோ 136 முதல் 165 மைல் வரையே! அளவீடு தவறென்று எவரும் கூறவில்லை. இடிந்து சான்று கூறப் போதிய கட்டடங்கள் அவ்வெளியில் இல்லை, அவ்வளவே.

1971-இல் பேராசிரியர் ஃபுஜிட்டா வகுத்ததும், 2007 முதல் திருத்திய வடிவில் அமெரிக்காவில் வழங்குவதுமான இப்படிவரிசை, சேதத்தைக் கண்டு வேகத்தை ஊகிப்பதாகும். கருவிகள் டார்னடோவை நெருங்க இயலாதிருந்த காலத்தில் இதனினும் சிறந்த வழி இருந்ததில்லை.

டாப்ளர் ரேடாரின் அலைகள் மழைத்துளி, புழுதி, சிதைபொருள் ஆகியவற்றில் பட்டு மீள்கின்றன. அவை நெருங்கி வருமாயின் மீளும் அலையின் அதிர்வெண் கூடும். விலகிச் செல்லுமாயின் குறையும். இம்மாற்றத்திலிருந்து வேகம் கணிக்கப்படுகிறது. 1958-லேயே கான்சஸ் மாநிலத்தின் எல் டொராடோ நகரில் இம்முறையால் மணிக்கு 206 மைல் வேகம் அளக்கப்பட்டது. எனினும் நிலையான ரேடார்களின் கதிர் தொலைவு செல்லச் செல்ல விரிவடைகிறது. ஒரு பாகை அகலமுள்ள கதிர் 100 கிலோமீட்டருக்கு அப்பால் ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் பரவிவிடும்; சிறிய சுழல் அதற்குள் கரைந்து போகும். எனவேதான் ரேடாரை லாரியில் ஏற்றி அருகே கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று.

அவ்வாறு அளக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட டார்னடோக்களை ஆராய்ந்து 2021-இல் வெளியான கட்டுரை, சேதத்தைக் கொண்டு தரப்பட்ட படிகள் சராசரியாக ஒரு படிக்கு மேல் குறைவாக உள்ளன எனக் காட்டிற்று. பாதுகாப்பறைகளும் மருத்துவமனைகளும் எவ்வளவு காற்றைத் தாங்கவேண்டும் என்பதை முடிவுசெய்வோர் நோக்குவது இப்பதிவேடுகளையே. வெட்டவெளியில் வீசியதனால் மெலிந்ததெனப் பதிவான சுழல், நாளை ஒரு நகரின்மீது அதே வலிமையுடன் வீசக்கூடும்.

ஆயினும் ரேடார் கூறுவதை அப்படியே ஏற்பதும் பொருந்தாது. அது தன்னை நோக்கியோ தன்னைவிட்டு விலகியோ செல்லும் வேகக்கூறினை மட்டுமே அளக்கிறது. அதுவும் பெரும்பாலும் தரைக்கு மேலே, கணப்பொழுதில். கட்டடக் கணக்குக்கு வேண்டியதோ 10 மீட்டர் உயரத்தில் 3 வினாடி நீடிக்கும் வேகம். ஆதலின் ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதுதல் வேண்டா. சேதப்படிக்கு அருகே அளந்த வேகத்திற்கெனத் தனிக் கட்டம் அமைத்து, அளந்த உயரத்தையும் கால அளவையும் அதிலேயே குறித்தல் வேண்டும்.