பாட்டு காணவில்லையா? பார்மட் செய்ய அவசரப்படாதீர்கள்

"அண்ணே, கம்ப்யூட்டர்ல இருந்த பாட்டெல்லாம் போயிருச்சு. பார்மட் அடிச்சிரலாமா?"

பேரையூரில் உறவினர் வீட்டிற்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுத் தம்பி என்னிடம் கேட்டது இது. சினிமாப் பாட்டு என்றால் மறுபடியும் தேடிப் பிடித்துக் கொள்ளலாம். ஆனால் காணாமல் போனவற்றில் அவருடைய அப்பத்தா பாடிய தாலாட்டும் கும்மிப் பாட்டும் இருந்தன. பழைய கேசட்டிலிருந்து எம்பி3 பைல்களாக மாற்றியவை. அப்பத்தா இன்று இல்லை. கேசட்டையும் குப்பையில் போட்டாயிற்று.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எனக்குள்ள பெரிய வருத்தமே இந்த "பார்மட்" என்ற வார்த்தைதான். எதற்கெடுத்தாலும் அதையே மருந்தாகச் சொல்லிக் கொடுத்து விட்டார்கள். பைல் காணாமல் போனதாக நாம் நினைக்கும் பல நேரங்களில் அது டிஸ்க்கிலேயே பத்திரமாக இருக்கும். அதை உண்மையாகவே அழிப்பது நம்முடைய பார்மட்தான்.

அந்தத் தம்பியின் டி டிரைவில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தேன். உள்ளே ஒரு போல்டர்கூடத் தெரியவில்லை. ஆனால் பல கிகாபைட் இடம் நிரம்பியிருப்பதாகக் காட்டியது. பிறகென்ன, பைல்கள் எங்கும் போகவில்லை, மறைந்து நிற்கின்றன என்று தெரிந்துவிட்டது. கடையில் பாட்டு ஏற்றி வாங்கி வந்த பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்திருக்கிறது. இந்த வகை வைரஸ் போல்டர்களை அழிப்பதில்லை. சிஸ்டம் பைல் போல மாற்றி மறைத்துவிடும். எனவே வியூ மெனுவில் "ஹிட்டன் ஐட்டம்ஸ்" தேர்வு செய்தால் மட்டும் போதாது. ஆப்ஷன்ஸ் சென்று, வியூ டேபில், சிஸ்டம் பைல்களை மறைக்கச் சொல்லும் வரியில் உள்ள டிக் அடையாளத்தையும் எடுத்திட வேண்டும். எடுத்தவுடன் மங்கலான நிறத்தில் எல்லா போல்டர்களும் வந்து நின்றன. முதலில் வைரஸ் ஸ்கேன். பிறகு பாடல்களைப் புதிய போல்டருக்கு மாற்றினோம். வேலை முடிந்ததும் அந்த டிக் அடையாளத்தை மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

எல்லாப் பழியையும் வைரஸ் மேல் போடவும் முடியாது. பாட்டு பாடும் புரோகிராமில் தெரிவது பெயர்ப் பட்டியல்தான். பைலை வேறு போல்டருக்கு நகர்த்தினால் பட்டியல் குழம்பிப் போகும். பட்டியலில் டெலீட் செய்யும்போது, "கம்ப்யூட்டரிலிருந்தும் நீக்கவா?" என்று கேட்டால் படிக்காமல் ஓகே கொடுப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! விண்டோஸில் ஒன்டிரைவ் பேக்கப்பை இயக்கியிருந்தால், உங்கள் போல்டர் இருக்கும் இடமே மாறியிருக்கலாம்; அங்கும் தேடுங்கள். பென் டிரைவில் அழித்தது பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்கு வராது. உண்மையிலேயே அழிந்துவிட்டது என்றால், அந்த டிரைவில் புதிதாக எதையும் பதியாதீர்கள். எஸ்எஸ்டி டிரைவ் என்றால் மீட்கும் வாய்ப்பு இன்னும் குறைவு.

பெரிய நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பதும் சரியல்ல. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய சொந்த பைல்களையே அழித்தது. மைக்ரோசாப்ட் அதை நிறுத்தி, சரிசெய்து, நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது. 2003 முதல் 2015 வரை மைஸ்பேஸ் தளத்தில் ஏற்றப்பட்ட பாடல்கள், சர்வர் மாற்றத்தின்போது தொலைந்து போனதை 2019ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அழிக்கும் முன் தெளிவாகக் கேட்க வேண்டியது அவர்கள் கடமை. ஆனால் அப்பத்தாவின் குரலுக்கு இன்னொரு நகல் எடுத்து வைப்பது நம் வேலைதான்.

அந்தத் தம்பி அன்றே இரண்டு பென் டிரைவ்களில் நகல் எடுத்தார். ஒன்று வீட்டு பீரோவில். இன்னொன்று உசிலம்பட்டியில் இருக்கும் அவருடைய அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறது. அத்தை முதலில் கேட்டது அந்தத் தாலாட்டைத்தானாம்.