எடைமேடை முன் ஒன்றுபட என்ன தடை?

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் சிப்பத்தை இறக்கும் விவசாயி என்ன சாதி என்று கேட்டு யாரும் விலை சொல்வதில்லை. வெல்லத்தின் நிறத்தையும் பதத்தையும் பார்த்துத்தான் சொல்கிறார்கள். சேகோ ஆலைக்கு மரவள்ளி கொண்டு போனாலும் இதே நடைமுறைதான். கிழங்கைத் தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்த்து, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று கணக்கிடுகிறார்கள். பாயிண்டுக்கு இவ்வளவு என்று பெருக்கி டன்னுக்கு விலை போடுகிறார்கள்.

28 பாயிண்ட் வரும் என்று நம்பிக் கொண்டுபோன கிழங்கு 25 பாயிண்ட்தான் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயிண்டுக்கு 300 ரூபாய் என்றால் டன்னுக்கு 900 ரூபாய் போய்விடும். பத்து டன் லோடுக்கு 9,000 ரூபாய். லாரி வாடகையும் வெட்டுக்கூலியும் கொடுத்த பிறகு, கிழங்கைத் திருப்பி எடுத்துவர யாராலும் முடியாது. பிடுங்கிய கிழங்கு இரண்டு, மூன்று நாளில் கெட்டுவிடும். இந்த நட்டம் எந்தச் சாதி விவசாயிக்கும் ஒரே நட்டம்தான்.

ஆனாலும் அந்த எடைமேடை முன் நாம் ஒன்றாக நிற்பதில்லை. ஒரே ஏரிப் பாசனத்தில், ஒரே ரகக் கிழங்கைப் பயிரிடுகிறவர்களுக்குள் இரண்டு, மூன்று சங்கங்கள். கொடி வேறு; பல ஊர்களில் கொடிக்குப் பின்னால் சாதியும் வேறு. விலை சரியும்போது ஆட்சியர் அலுவலகத்துக்குத் தனித்தனியே மனுவோடு போகிறோம், தனித்தனியே திரும்பி வருகிறோம்.

வாங்குகிற தரப்பைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943-இல் சேலத்தில் இந்தத் தொழிலைத் தொடங்கியவர்களாகச் சொல்லப்படுபவர்கள் மாணிக்கம் செட்டியாரும், மலேயாவிலிருந்து வந்த போபட்லால் ஷாவும். ஒருவர் தமிழர், இன்னொருவர் குஜராத்தியர். தொழில் வளர்ந்த பிறகு விற்பனையில் நெருக்கடி வந்தபோது, ஆலை உரிமையாளர்கள் 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் அங்கே வைத்து டெண்டர் மூலம் விற்கிறார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வணிகர்களிடம் தனித்தனியே மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவர்கள் சேர்ந்தார்கள். அந்தச் சங்கத்தில் உறுப்பினர்கள் ஆலைக்காரர்கள்தான். கிழங்கு விளைவிக்கிற நாம் இல்லை. நமக்கென்று அதற்கு ஈடான ஒன்றை நாம் உருவாக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

விவசாயிகளால் ஒன்றுசேர முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் பெருமாநல்லூரில் திரண்டபோது, துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1972-இல் நம் சேலம் மாவட்டத்துப் பெத்தநாயக்கன்பாளையத்திலும் விவசாயிகள் குண்டுக்குப் பலியானார்கள். அந்தக் காலத்தில் விவசாயிகள் சங்கத்தை நடத்திய கோவை நாராயணசாமி நாயுடுவின் பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் அவருடைய சாதிக்காரர்கள் அல்லர். இன்று நம் கிணற்று மோட்டார் கட்டணம் இல்லாமல் ஓடுகிறது என்றால், அந்த ஒற்றுமைக்கும் அதில் பங்கு உண்டு.

இதோடு நிறுத்திக்கொண்டால் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னதாக ஆகிவிடும். அது கிணறும் பம்புசெட்டும் வைத்திருந்தவர்களின் போராட்டம். கிழங்கு பிடுங்க வருகிறவரின் கூலி அதில் முதல் கோரிக்கையாக இருக்கவில்லை. ‘விவசாயிகள் எல்லோரும் ஒன்று’ என்று மேடையில் பேசிவிட்டு, அதே ஆளுக்குக் கொட்டாங்குச்சியிலோ தனிக் குவளையிலோ டீ கொடுத்தால், அவர் ஏன் நம் கொடியைப் பிடிக்க வேண்டும்? சாதியின் பெயரால் மிதிபட்டவர்கள் சாதியின் பெயரால் திரண்டதில் நியாயம் இருக்கிறது. 1987 சாலை மறியலுக்குப் பிறகு 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்தது. 2009-இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. பல வீடுகளில் முதல் பட்டதாரி உருவானது இவற்றால்தான். அதை எந்த விவசாய சங்கமும் வாங்கித் தரவில்லை. அதே நேரத்தில், இட ஒதுக்கீடு கல்லூரிக் கதவைத் திறந்ததே தவிர, ஆலையின் பாயிண்ட் கணக்கைத் திருத்தவில்லை. கூலியையும் உயர்த்தவில்லை. இரண்டுக்கும் இரண்டு வேலை இருக்கிறது.

இரண்டையும் ஒரே கையில் பிடித்தவர்களும் உண்டு. தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டிய பி.சீனிவாசராவ் கர்நாடகத்தில் பிறந்தவர். 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் கூலி மட்டும் பேசப்படவில்லை. சாணிப்பால் புகட்டுவதும் சவுக்கால் அடிப்பதும் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். மானமும் வயிறும் ஒரே தாளில் இருந்ததால்தான் பண்ணையாள் அந்தச் சங்கத்தைத் தன் சங்கமாக நினைத்தார். இதற்குக் கொடுத்த விலையும் பெரிது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கேட்டது நெல்; எரிக்கப்பட்டது சேரி. கூலிப் பிரச்சினை வேறு, சாதிப் பிரச்சினை வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? உங்கள் ஊரில் எந்தச் சங்கத்தில் இருந்தாலும், அதை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. அறுவடைக்கு முன் எல்லாச் சங்கத்தாரும் ஒரு நாள் கூடுங்கள். மாவுச்சத்து பார்க்கும் தராசு ஒன்றை உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் பொதுவாக வாங்கி வையுங்கள். லோடு ஏற்றும் முன் நாமே பாயிண்ட் பார்த்துக் குறித்துக்கொண்டால், ஆலையில் வித்தியாசம் வரும்போது கேட்க ஆதாரம் இருக்கும். ஆலையில் பாயிண்ட் பார்க்கும்போது விவசாயிகள் தரப்பில் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று சேர்ந்தே கேளுங்கள்.

அந்தக் கூட்டத்துக்குக் குத்தகை விவசாயியையும், கிழங்கு பிடுங்கும் ஆண், பெண் தொழிலாளர்களையும் அழையுங்கள். பின்வரிசையில் நிற்க வைக்காமல் பொறுப்பிலும் வையுங்கள். கிழங்கு விலை ஏறினால் பிடுங்கு கூலி எவ்வளவு ஏறும் என்பதையும் கோரிக்கைப் பட்டியலிலேயே எழுதுங்கள். தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே தண்ணீர்ப் பானை, ஒரே டம்ளர் என்பதையும் எழுதுங்கள்.

மாவுப்பூச்சி வந்தபோது பார்த்திருப்பீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் சேர்ந்து மருந்து அடிக்காவிட்டால், நாம் அடித்ததும் வீண்தான். விலையும் அப்படித்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேறு சாதி என்று ஒதுங்கி நின்றால், குறையும் பாயிண்ட் இரண்டு பேருக்கும் சேர்த்தே குறையும்.